முப்பத்தெட்டு சதவீதம் அதிகம்

கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ஐவி டிபன் டப்பாவைத் திறந்தபோது சகுந்தலாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. ஒரு பிடிஎஃப். அதற்குக் கீழே ஒரே வரி: "பத்தொன்பதாம் பக்கம் பார். உட்கார்ந்துகொண்டு பார்."

ஐவி உட்கார்ந்துதான் இருந்தாள். பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்துவிட்டாள்.

குண்ட்லமெட்டா சரணாலயத்தின் நடுக்காட்டில் ஒரு சைக்கிள் பாதை போடப் போகிறார்கள் என்று இரண்டு மாதமாகவே பேச்சு இருந்தது. ஆறு மீட்டர் அகலம், இருபுறமும் விளக்குக் கம்பங்கள், நடுவில் இரண்டு உணவகங்கள். அதற்கு அனுமதி கேட்டு ஒரு ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை அது. பத்தொன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

"தன்னார்வலர் திருமதி ஐவி ஜேசுராஜ் குழுவினரின் ஏழாண்டுக் கணக்கெடுப்பின்படி, சரணாலயத்தில் வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை 38 சதவீதம் உயர்ந்துள்ளது. வண்ணத்துப்பூச்சிகள் காட்டின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை என்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவே இக்காடு நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது. திட்டத்தைத் தாங்கும் வலிமை இதற்கு உண்டு."

ஐவி மல்காஜ்கிரியில் உள்ள அந்தப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவள். வயது நாற்பத்து நான்கு. 2018 முதல் மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளும் சகுந்தலாவும் குண்ட்லமெட்டாவுக்குப் போவார்கள். அதற்காகவே ஐவி தேவாலயப் பூசைக்குச் சனிக்கிழமை மாலையே போய்விடுவாள். சகுந்தலா ஏ.எஸ்.ராவ் நகரில் இருப்பவர். மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஒரே பாதையில் ஒரு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக நடப்பார்கள். இடது வலது இரண்டரை மீட்டருக்குள் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளை ஐவி பெயர் சொல்ல, சகுந்தலா அட்டையில் கோடு போடுவார். கொரோனா ஊரடங்கில் சில மாதம் விட்டுப்போனதைத் தவிர, மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் ஏழு வருடம்.

அந்த ஏழு வருடத்துத் தாள்களை ஸ்கேன் செய்து விஸ்வநாத்துக்குக் கொடுத்தவள் ஐவியேதான். எம்.எஸ்சி.யில் அவளோடு படித்தவன். இப்போது அந்த ஆலோசனை நிறுவனத்தின் தலைவன். "காட்டுக்கு நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றான். கொடுத்தாள்.

அடுத்த வகுப்பைச் சக ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

விஸ்வநாத்தின் அலுவலகம் மூன்றாம் மாடியில். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். அவன் அறைக் கதவைத் தட்டவில்லை.

"ஐவி! வா வா. காபி சொல்லட்டுமா?"

"பொய் எழுதியிருக்க, விச்சு."

அவன் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினான். "எந்த எண்ணு பொய்? சொல்லு. 2018-ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. இப்போ ரெண்டாயிரத்து அறுநூத்தி எண்பது. உன் தாள்ல இருக்கறதுதான். நான் ஒரு எண்ணுகூட மாத்தல."

அது உண்மைதான். அவன் எதையும் மாற்றவில்லை. கூட்டி ஒரே எண்ணாக ஆக்கியிருந்தான், அவ்வளவுதான்.

"எது கூடியிருக்குன்னு ஏன் எழுதல? வெந்தய வரியன் கூடியிருக்கு. கொன்னை வெள்ளையன் கூடியிருக்கு. ரோட்டோரம், காலி மனை, குப்பை மேடு, எங்க வெயில் இருந்தாலும் வர்ற பூச்சிங்க. மரத்தை வெட்டினா வெயில் விழும். வெயில் விழுந்தா களைச்செடி பூக்கும். பூத்தா இதுங்க கூட்டமா வரும். காடு செத்துக்கிட்டு இருக்கறதாலதான் இந்த எண்ணிக்கை கூடியிருக்கு. நிழல் வேணும்கற பூச்சி எல்லாம் என்ன ஆச்சு? பேரனெட் அறுபத்து மூணு இருந்துச்சு. இப்ப மூணு. மூணு, விச்சு! மொத்த இனமே அறுபத்திரண்டிலேர்ந்து நாப்பத்தேழுக்கு வந்திருக்கு. இதை எல்லாம் தனியா ஒரு பக்கம் எழுதி, அடிக்கோடு போட்டு உனக்கு அனுப்பினேனா இல்லையா?"

"அனுப்பின. அது இணைப்புல வரலாம்னு நினைச்சேன். அப்புறம் எடம் இல்ல."

"எடம் இல்லையா?"

"கேளு ஐவி. மேல இருக்கறவங்க ஒரு பக்கம்தான் படிப்பாங்க. அந்த ஒரு பக்கத்துல பேரனெட்டு, புஷ்பிரவுன்னு எழுதினா யாருக்குப் புரியும்? வண்ணத்துப்பூச்சி கூடியிருக்குன்னா எல்லாருக்கும் புரியும். அதோட..." அவன் குரலைத் தாழ்த்தினான். "பாதை எப்படியும் வரத்தான் போகுது. நாம ஒத்துழைச்சா, ஓரத்துல ரெண்டு செடி நடச் சொல்லலாம். பட்டர்ஃப்ளை கார்டன் ஒண்ணு வைக்கலாம். உன் பேரையே வைக்கச் சொல்றேன்."

ஐவி மேசையில் இருந்த அறிக்கையை எடுத்து, பத்தொன்பதாம் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "என் பேரை எடு."

"அச்சாயிடுச்சு."

படியிறங்கி ஸ்கூட்டரை எடுத்தாள்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஃபிரெடி, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிவைத்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"கைக்கு ஐவி, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அவன் பண்ணினது தப்பு, ஒத்துக்கறேன். ஒரு மெயில் போடு, விடு."

"நக்கோ ஃபிரெடி, வேணாம். இந்த 'விடு' மட்டும் எங்கிட்ட சொல்லாத."

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ரேச்சல் அறிக்கையைத் தன் போனில் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். "மம்மி, இதி நுவ்வே பெட்டாவு கதா?" என்று தெலுங்கில் கேட்டாள். இது நீயே போட்டதுதானே?

அறிக்கையின் அடிக்குறிப்பில், ஆதாரமாக, ஐவி 2022-ல் பேஸ்புக்கில் போட்ட பதிவு இருந்தது. காட்டுக்குள் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்கும் அவள் படம். மேலே அவளே எழுதிய வரி: "குண்ட்லமெட்டாவில் இந்த ஆண்டு சாதனை எண்ணிக்கை! நம் காடு பறக்கிறது!" இருநூற்றுப் பதினான்கு பேர் விரும்பியிருந்தார்கள். முதல் ஆளாக விரும்பியவன் விஸ்வநாத்.

ஐவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடமே பேரனெட் இருபதுக்குக் கீழே போயிருந்தது. அவளுக்குத் தெரியும். இது சரியில்லை என்று திரும்பி வரும் வழியில் காரிலேயே சகுந்தலாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பெரிய எண் பெரிய எண்தான், எழுதும்போது இனித்தது. விஸ்வநாத் செய்ததை அவனுக்கு மூன்று வருடம் முன்பே அவள் செய்து காட்டியிருக்கிறாள்.

போனை மேசையில் அறைந்தாள். திரையில் ஒரு மூலை விரிசல் விட்டது. ரேச்சல் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். ஃபிரெடி சாப்பாட்டைச் சூடாக்கினான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம், மண்டல அலுவலக அரங்கில் நடந்தது. மேடையில் அதிகாரிகள் ஐந்து பேர். ஓரத்தில் விஸ்வநாத். சைக்கிள் சங்கத்துக்காரர்கள் ஒரே நிற பனியனில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்.

"நீ கத்துவன்னு தெரியும்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகுந்தலா. அவர் மடியில் தடிமனான ஒரு ஃபைல். ஏழு வருடத்துத் தாள்களின் நகல், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி வரைபடம், ஆறு பக்க ஆட்சேப மனு. "கத்து, வேண்டாம்னு சொல்லல. ஆனா கத்தினது மினிட்ஸ்ல வராது. நான் இதைக் குடுத்து முத்திரை வாங்கிக்கறேன்."

ஐவி மைக்கைப் பிடித்தபோது நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். பேரனெட் என்பது செங்கல் நிறத்தில், தரையோடு தரையாகச் சறுக்கிப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி என்றாள். இந்தக் காட்டில் அதன் புழு தின்பது தூனிகி இலையை, அதாவது பீடி சுற்றும் இலையை. தூனிகி போனால் பேரனெட் போகும். நான்காவது பீட் என்ற காட்டுப் பகுதியில், பார்வையாளர்களுக்குக் காடு தெளிவாகத் தெரியட்டும் என்று சரணாலய நிர்வாகம் மூன்று வருடமாகப் புதர் நீக்கம் என்ற பெயரில்...

"மேடம், புதர் நீக்கியது களையைத்தான்" என்று நடுவில் அமர்ந்திருந்த அதிகாரி குறுக்கிட்டார். "மரம் எதுவும் வெட்டப்படவில்லை. நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்."

"உணர்ச்சிவசப்படறேன்தான்! ஏன் படக்கூடாது? ஏழு வருஷமா நடந்த காட்டை என் பேரை வெச்சே வெட்டறீங்க. என் கையெழுத்துல இருக்கற கணக்கை வெச்சு, அது சொல்றதுக்கு நேர் எதிரா எழுதியிருக்கீங்க. வெட்கமா இல்லையா விச்சு உனக்கு? நிமிர்ந்து பாரேன்!"

கோபத்தில் பாதி தமிழில் வந்தது, பாதி தெலுங்கில். பனியன்காரர்களில் யாரோ சிரித்தார்கள். மைக் நின்றது. மைக் இல்லாமலும் அவள் பேசினாள். அரங்கின் கடைசி வரிசை வரை கேட்டது.

அதிகாரி, கூட்டத்தை அமைதிப்படுத்தும் எண்ணத்தில், கதவருகே காக்கிச் சட்டையில் நின்றிருந்த வனக் காவலரைக் கூப்பிட்டார். நான்காவது பீட் அவர் பொறுப்பில் இருந்தது. பெயர் யாதய்யா. ஐவியும் சகுந்தலாவும் வரும் ஞாயிறுகளில் கேட்டைத் திறந்துவிடுபவர். "யாதய்யா, நீயே சொல். அங்கே மரம் வெட்டினார்களா?"

இல்லை என்ற பதிலுக்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது. யாதய்யா தொப்பியைக் கழற்றினார்.

"ஔனு சார். தூனிகி மொத்தம் கொட்டேசாரு."

ஆமாம், தூனிகி முழுவதையும் வெட்டிவிட்டார்கள். சொல்லிவிட்டுத் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். அரங்கில் சிரிப்பு அடங்கியது. விஸ்வநாத் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். ஐவியை அல்ல, யாதய்யாவை.

சகுந்தலா அன்று முத்திரையோடுதான் வெளியே வந்தார்.

முத்திரை வேலை செய்தது. எழுத்தில் ஆட்சேபம் வந்தால் நேரில் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அக்டோபரில் மூன்று பேர் கொண்ட குழு வந்தது. அதில் ஸ்மிதா என்ற தாவரவியலாளர் மட்டும் காலில் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். மற்ற இருவரும் ஜீப்பிலேயே சுற்றிவிட்டு விருந்தினர் மாளிகைக்குப் போய்விட்டார்கள். ஸ்மிதா ஐவியோடும் சகுந்தலாவோடும் அந்த ஒரு கிலோமீட்டரை நடந்தார். விஸ்வநாத் பின்னால் வந்தான்.

வெயில் எங்கும் விழுந்தது. களைச்செடிகள் மஞ்சளாகப் பூத்திருந்தன. கொன்னை வெள்ளையன் வெள்ளைக் காகிதத் துண்டுகளாகப் பறந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. நூற்றுத் தொண்ணூறு வண்ணத்துப்பூச்சிகள் எண்ணினார்கள். அதில் நிழலில் வாழ்பவை ஆறு. பேரனெட் ஒன்றுகூட இல்லை.

ஸ்மிதா ஓரிடத்தில் குனிந்தார். வெட்டிய தூனிகி ஒன்றின் வேரிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் புதுத் தளிர்கள் வந்திருந்தன. "இனி வெட்டாமல் விட்டால் பேரனெட் திரும்பி வருமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது" என்றாள் ஐவி. "தூனிகி வரும். அது சுலபத்தில் சாகாது. பேரனெட் வர, பக்கத்துல எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கணும். இருக்கான்னு எனக்குத் தெரியாது. வரும்னு சொன்னா உங்களுக்கு எழுத வசதியா இருக்கும். ஆனா சொல்ல மாட்டேன்."

விஸ்வநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத" என்றாள் ஐவி.

டிசம்பரில் முடிவு வந்தது. நடுக்காட்டில் பாதை இல்லை; எல்லை வேலியை ஒட்டி, வெளிப்புறமாக, விளக்குக் கம்பங்கள் இல்லாமல். புதர் நீக்கம் இரண்டு வருடத்துக்கு நிறுத்தம். ஒரு நாளிதழ் "காட்டைக் காத்த வண்ணத்துப்பூச்சி" என்று கால் பக்கச் செய்தி போட்டது. கூடவே பெரிய வண்ணப் படம். அது வெந்தய வரியன். ஐவி பேப்பரைக் கசக்கி எறிந்தாள். விஸ்வநாத்திடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவன் எண்ணைத் தடுத்து வைத்தாள்.

அதே வாரம் இன்னும் இரண்டு செய்திகள். தன்னார்வலர் கணக்கெடுப்புக்கான அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இன்னொன்றை, யாதய்யாவுக்குப் பதிலாகக் கேட்டில் நின்ற காவலர் சொன்னார்: யாதய்யாவை மாற்றிவிட்டார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மரக் கிடங்குக்கு. கூட்டம் நடந்த ஒன்பதாம் நாளே உத்தரவு.

ஐவிக்குத் தெரியாது. நான்கு மாதமாக வேறு ஆள் கேட்டைத் திறந்துவிட்டும், அவரைப் பற்றிக் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்மிதாவோடு நடந்த அன்று ஏன் அவர் இல்லை என்றுகூடக் கேட்கவில்லை.

போன் செய்தாள். யாதய்யா தெலுங்கில் பேசினார். குரலில் வழக்கமான "நமஸ்தே மேடம்" இல்லை.

"நீங்கள் கத்தினீர்கள். திட்டினீர்கள். வீட்டுக்குப் போனீர்கள். உங்கள் கதை பேப்பரில் வந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், மேடம். ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். அவளை யார் கூட்டிக்கொண்டு போவது என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்களா?"

மன்னித்துவிடுங்கள் என்றாள் ஐவி. அது அவள் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது. யாதய்யா போனை வைத்துவிட்டார்.

இதுவரை இருந்த கோபம் விஸ்வநாத் மேல், அதிகாரி மேல், அந்தப் பேஸ்புக் பதிவின் மேல். கத்தியபோது அதில் ஒரு சுகமும் இருந்தது என்று இப்போது தெரிந்தது. யாதய்யா போனை வைத்த பிறகு வந்ததில் சுகம் எதுவுமில்லை.

யாதய்யாவின் மனைவி லட்சுமம்மாவைச் செவ்வாய்க்கிழமைகளில் ஃபிரெடி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெள்ளிக்கிழமைகளில் சகுந்தலா. யாதய்யா கேட்டுக்கொள்ளவில்லை; ஐவி சொன்னாள், அவர்கள் போனார்கள். லட்சுமம்மா முதல் இரண்டு வாரம் அவர்களோடு பேசவில்லை. மூன்றாவது வாரம், ஆட்டோவை இன்னும் மெதுவாக ஓட்டச் சொன்னார்.

யாதய்யாவின் மாற்றலை ரத்து செய்யக் கேட்டு, ஐவி அரைநாள் விடுப்புப் போட்டு வனத்துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினாள். இம்முறை சகுந்தலாவிடம் கேட்டு ஃபைல் தயார் செய்தாள்: மாற்றல் உத்தரவின் தேதி, கூட்டத்தின் தேதி, கூட்டக் குறிப்பில் யாதய்யாவின் பதில் பதிவான பக்கம், மருத்துவச் சான்றிதழ். ஸ்மிதா ஒரு கடிதம் கொடுத்தார்: கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்ன ஊழியர் தண்டிக்கப்பட்டால் இனி எந்தக் குழுவுக்கும் எந்தக் காவலரும் பதில் சொல்ல மாட்டார் என்று. இரண்டு முறை அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஃபைலை வாங்கிக்கொண்டு முத்திரை போட மறுத்தார்கள். ஐவி ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நான்காம் முறை, பிப்ரவரியில், கிளார்க் அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "சாரு மீட்டிங்குல இருக்காரு. நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கும் வரேன்" என்றாள் ஐவி. குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கும் இருக்கேன்."

அறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியம் கடந்தது. மூன்றரை மணிக்கு அதிகாரி வெளியே வந்தார். அரங்கில் மேடை நடுவே உட்கார்ந்திருந்த அதே மனிதர். அவளை அடையாளம் தெரிந்ததும் அவர் நடை ஒரு நொடி தயங்கியது. அவள் கத்தப் போகிறாள் என்று எதிர்பார்த்ததைப் போலச் சுற்றிலும் பார்த்தார்.

ஐவி எழுந்து ஃபைலைத் திறந்து, இரண்டு தேதிகள் அடுத்தடுத்து இருந்த பக்கத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் படித்தார். கிளார்க்கைக் கூப்பிட்டார். "வாங்கி முத்திரை போட்டுக் குடு" என்றார் எரிச்சலோடு. "முப்பது நாளைக்குள்ள பதில் வரும்மா."

"எழுதிக் குடுங்க சார்" என்றாள் ஐவி. "முப்பது நாள்னு."

அவர் எழுதிக் கொடுத்தார்.